டிரைவரில் டைம்அவுட் எவ்வளவு வைக்க வேண்டும்?

கேள்வி: எஸ்பிஐ (சில்லுகளுக்கிடையே தரவைக் கடத்தும் தொடர் இணைப்பு) கன்ட்ரோலர் ஒன்றுக்கு, அதை இயக்கும் லினக்ஸ் டிரைவர் எழுதுகிறேன். கடிகார வேகம் 1 மெகாஹெர்ட்ஸ், டைம்அவுட் (பரிமாற்றம் முடியக் காத்திருக்கும் உச்ச நேரம்) 100 மில்லி விநாடி. சிறிய பரிமாற்றங்கள் முடிகின்றன; 64 கிலோபைட் படித்தால் பிழை வருகிறது. டைம்அவுட்டை 10 விநாடியாக்கினால் பிழை நீங்குகிறது. ஆனால், கன்ட்ரோலர் எப்போதாவது நின்றுபோனால் அதைப் பயன்படுத்தும் செயலியும் 10 விநாடி உறைந்துவிடுகிறது. எந்த எண் சரி?

பதில்: எல்லாப் பரிமாற்றத்துக்கும் பொருந்தும் ஒற்றை எண் கிடையாது, ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுத்தான் பெற வேண்டும். 1 மெகாஹெர்ட்ஸில் 100 மில்லி விநாடிக்குள் அதிகபட்சம் 12,500 பைட்டுகளே கம்பியில் போகும். 64 கிலோபைட் என்பது 5,24,288 பிட்டுகள். அதற்குச் சுமார் 524 மில்லி விநாடி தேவை. எனவே உங்கள் வன்பொருளில் குறையில்லை, வேலை முடியுமுன்பே டிரைவர் பொறுமை இழக்கிறது.

லினக்ஸ் கெர்னலின் எஸ்பிஐ மையப்பகுதி, கம்பியில் செல்லும் நேரத்தை இரட்டித்து 200 மில்லி விநாடியைக் கூட்டிக்கொள்கிறது. அதே வழியை நீங்களும் பின்பற்றலாம்: 64 கிலோபைட்டுக்கு 1,248 மில்லி விநாடி, 16 பைட் கட்டளைக்கு 200. அந்த 200 வீணன்று. கணினி பளுவில் இருக்கும்போது இன்டரப்ட்டைக் (வேலை முடிந்ததென வன்பொருள் தரும் சைகை) கையாளவும், காத்திருக்கும் திரெட் மீண்டும் ஓடவும் பிடிக்கும் தாமதம் தரவின் அளவைச் சார்ந்ததல்ல என்பதால், அதைத் தனியாகக் கூட்டியே ஆக வேண்டும். கணக்கில் கேட்ட வேகத்தை இடாமல், கடிகாரத்தைக் குறைக்கும் வகுப்பிக்குப் பின் உண்மையில் அமைந்த வேகத்தை இடுங்கள். பெருக்கலை 64 பிட்டில் செய்யுங்கள். 8,000-ஐ (பைட்டுக்கு 8 பிட் × விநாடிக்கு 1,000 மில்லி விநாடி) நீளத்தால் பெருக்கும்போது, 5,36,870 பைட்டுகளைத் தாண்டியதும் 32 பிட் எண் வழிந்து, டைம்அவுட் திடீரெனச் சிறுத்துவிடும்.

எஸ்பிஐயில் கடிகாரத்தை ஓட்டுவது நம் பக்கமே என்பதால், மறுமுனையில் உள்ள சென்சாரைக் கழற்றினாலும் பரிமாற்றம் முடிந்துவிடும், தரவுதான் பொருளற்றிருக்கும். ஆகவே இங்கே டைம்அவுட் நிகழ்ந்தால் இன்டரப்ட், டிஎம்ஏ (மையச் செயலியின் தலையீடின்றித் தரவை நினைவகத்துக்கு நகர்த்தும் வன்பொருள்), கடிகார அமைப்பு ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள். எதிர்முனையே நேரத்தைத் தீர்மானிக்கும் சாதனங்களுக்கு இந்தக் கணக்கு உதவாது, அங்கே தரநிலையோ தரவுத்தாளோ சொல்லும் வரம்பைத்தான் எடுக்க வேண்டும்.

எண்ணைவிட எனக்குக் கவலை தருவது, டைம்அவுட்டுக்குப் பின் டிரைவர் செய்வதுதான். பிழைக் குறியீட்டைத் திருப்பி பஃபரை (தரவு வந்து சேரும் நினைவகப் பகுதி) விடுவித்துவிட்டீர்கள் என்று வையுங்கள்; டிஎம்ஏ இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், சில மில்லி விநாடி கழித்து வரும் பைட்டுகள், அதற்குள் வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டுவிட்ட நினைவகத்தில் எழுதப்படும். கோளாறு தொடர்பே இல்லாத இடத்தில் வெடிக்கும். எனவே முதலில் டிஎம்ஏவை நிறுத்தி, அது நின்றது உறுதியாகும்வரை காத்திருங்கள். பிறகு கன்ட்ரோலரை ரீசெட் செய்து, தேங்கிய இன்டரப்ட் நிலையைத் துடைத்து, பஃபரைக் கடைசியாக விடுவியுங்கள். தாமதமாக வரும் பழைய இன்டரப்ட், அடுத்த பரிமாற்றத்தை முடிந்ததாகக் காட்டிவிடாதபடி, காத்திருப்புக் குறியை ஒவ்வொரு பரிமாற்றத்துக்கு முன்பும் புதிதாக்கவும் வேண்டும்.