அப்பா காலில் வைத்த ராடு துருப்பிடிக்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 56 வயது. ஏற்காட்டில் மிளகு பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு உடைந்துவிட்டது. சேலத்தில் ஆபரேஷன் செய்து டைட்டானியம் ராடு வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் ஆகிறது. "உள்ளே வைத்த இரும்பு துருப்பிடித்து விஷமாகிவிடும், வருஷத்துக்குள் எடுத்துவிடு" என்கிறார்கள் உறவினர்கள். அது எத்தனை வருஷம் தாங்கும்? — ஒரு வாசகி, அம்மாபேட்டை

பதில்: அது இரும்பே இல்லை அம்மா. இந்த ராடுகளில் பெரும்பாலானவை சுமார் 90 சதவீதம் டைட்டானியம், 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் கலந்தவை. வனேடியத்துக்குப் பதிலாக நியோபியம் சேர்த்த ரகமும் உண்டு. காற்று பட்டதுமே டைட்டானியத்தின் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் படியும்; கீறல் விழுந்தாலும் தானாக மூடிக்கொள்ளும். ரத்தத்தின் உப்பு உலோகத்தை அரிக்காமல் காப்பது அதுதான். எக்ஸ்ரேயில் நிறம் தெரியாது, ஆனால் சில ஸ்க்ரூக்கள் நீலமும் தங்க நிறமுமாக இருக்கும். அது சாயமல்ல, மின்சாரம் செலுத்தி அந்தப் படலத்தைத் தடிப்பாக்கியதால் வரும் நிறம்.

"நம்ம உருக்காலை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் துருப்பிடிக்காதே, அதை வைக்கக்கூடாதா?" என்று சேலத்துக்காரர்கள் கேட்பார்கள். மருத்துவத் தர ஸ்டீலை இன்றும் வைக்கிறோம், எலும்பு நன்றாகவே கூடுகிறது. ஆனால் அதில் நிக்கல் இருப்பதால் சிலருக்கு ஒவ்வாமை வரலாம். விறைப்பும் அதிகம். டைட்டானியக் கலவையின் விறைப்பு அதில் ஏறக்குறைய பாதிதான் என்றாலும், எலும்பைவிடப் பல மடங்கு. பாரம் முழுவதையும் உலோகமே சுமந்தால் எலும்பு வேலையில்லாமல் மெலியும். அதனால்தான் நியோபியம், சிர்கோனியம் கலந்து விறைப்பைக் குறைக்கும் கலவைகளைத் தேடுகிறார்கள்.

1952-ல் ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர், முயல் எலும்பில் பதித்த டைட்டானியக் கருவியைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை, எலும்பு அதோடு ஒட்டிவிட்டிருந்தது. பல் இம்ப்ளான்ட்டுக்கும் சிமென்ட் இல்லாமல் பொருத்தும் இடுப்பு மூட்டுக்கும் இந்தப் பிடிப்புதான் வேண்டும். அதனால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவார்கள், எலும்பிலுள்ள கால்சியம் உப்பைப் பூசுவதும் உண்டு. பின்னால் எடுக்க நேரலாம் என்பதால் தொடை ராடை வழுவழுப்பாகவே விடுவார்கள்.

சரி, எத்தனை வருஷம்? எலும்பு கூடிவிட்டால் ஆயுள் முழுக்க இருக்கலாம். கூடாவிட்டால்தான் சிக்கல். ஒவ்வோர் அடிக்கும் ராடு கொஞ்சம் வளைந்து நிமிரும். கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் முறிவதுபோல, எவ்வளவு நல்ல உலோகமும் ஒருநாள் களைத்து உடையும். ஆகவே அப்பா பீடி பிடித்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். சுகர் இருந்தால் கட்டுக்குள் வேண்டும். எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை எக்ஸ்ரே பார்த்து ஆபரேஷன் செய்தவர் சொல்லட்டும். அதுவரை மலைக்கோ மரத்துக்கோ போக வேண்டாம். ஊன்றும்போது புதிதாக வலி, காய்ச்சல், தையல் இடத்தில் சிவப்பு அல்லது நீர்க்கசிவு இருந்தால் உடனே காட்டுங்கள்.

தொந்தரவு இல்லாவிட்டால் எடுக்க வேண்டியதில்லை. எலும்பு கூடும் முன் எடுப்பது ஆபத்து. எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது, பெரும்பாலும் எடுத்துவிடலாம். அப்புறம், ராடின் கம்பெனியும் அளவும் அச்சிட்ட ஸ்டிக்கர் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா பாருங்கள். பின்னால் எடுக்க நேர்ந்தால் அதற்கேற்ற கருவியை அதை வைத்துத்தான் வரவழைக்க முடியும்.