கார் இன்சூரன்ஸை நாலு இடத்தில் விசாரித்து எடுத்தால் கட்டணம் உண்மையிலேயே குறையுமா?

குறையும், ஆனால் முழுத் தொகையிலும் அல்ல. இந்தியாவில் ஒரு முழுமையான கார் பாலிசிக்குள் இரண்டு கட்டணங்கள் இருக்கின்றன. நம் காரால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாம் தரப்புக் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. 1000 முதல் 1500 சிசி வரையிலான சொந்தக் காருக்கு 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த தொகை 3,416 ரூபாய். எந்த நிறுவனத்திடம் போனாலும் அதுவேதான். நம் காருக்கே ஏற்படும் சேதத்துக்கான கட்டணத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்குப்படி வைக்கிறது. முன்னது அரசுப் பேருந்து டிக்கெட், பின்னது ஆட்டோ வாடகை. விசாரித்துப் பலன் கிடைப்பது பின்னதில்தான்.

விசாரிக்கும்போது ஐடிவி எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கார் திருடுபோனால் கிடைக்கும் அதிகபட்சத் தொகை அது. அதைச் சத்தமில்லாமல் குறைத்துவிட்டு, ‘எங்களிடம்தான் மலிவு’ என்பார்கள். மலிவுதான், கார் தொலையாதவரை! பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தரும் கூடுதல் பாதுகாப்பு சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

நிறுவனம் மாறினால், இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போய்விடும் என்று பலர் நினைப்பது தவறு. 50 சதவீதம் வரை ஏறக்கூடிய அந்தத் தள்ளுபடி உரிமையாளருக்குச் சொந்தம், பாலிசி முடிந்த 90 நாளுக்குள் புதுப்பித்தால் புதிய நிறுவனத்திலும் தொடரும்.