‘பிரதமருக்கு நெருங்கிய வட்டாரம்’ என்றால் யார்?

கேள்வி: வேலைக்காக லண்டன் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்தியக் குடியுரிமை இருந்தாலும் இங்கே ஓட்டுப் போடலாம் என்கிறார்கள். சரி, அரசியல் செய்திகளை ஒழுங்காகப் படிப்போம் என்று ஆரம்பித்தேன். ‘பிரதமருக்கு நெருங்கிய வட்டாரம்’, ‘மூத்த அமைச்சர் ஒருவரின் நண்பர்’ என்று பெயரே இல்லாமல் எழுதுகிறார்கள். எல்லாம் ஸ்பின் டாக்டர்கள் வேலை என்கிறார் அலுவலக நண்பர். யார் இவர்கள்? ஒரு செய்தியில் இவர்கள் கை இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில், ஓட்டு விஷயம் உண்மைதான். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவோடு இங்கே வசித்தால் பொதுத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். வாக்காளர் பட்டியலில் பதிவு செய்திருக்க வேண்டும்.

தங்கள் தலைவருக்கோ கட்சிக்கோ சாதகமாகச் செய்தி வரும்படி பார்த்துக்கொள்பவர்தான் ஸ்பின் டாக்டர். அந்தப் பெயர் எந்த அலுவலகக் கதவிலும் எழுதியிருக்காது. கட்சியின் தகவல் தொடர்பு இயக்குநர், பிரதமரின் ஊடகச் செயலர், அமைச்சரின் சிறப்பு ஆலோசகர் என்ற பெயர்களில் இருப்பார்கள். இந்தச் சிறப்பு ஆலோசகரைச் சுருக்கமாக ‘ஸ்பாட்’ (SpAd) என்பார்கள். சம்பளம் அரசாங்கத்துடையது. ஆனால் மற்ற அரசு ஊழியர்களைப் போல இவர் கட்சி சார்பில்லாமல் இருக்க வேண்டியதில்லை. தேர்தல் பிரசாரத்தில் முழுமூச்சாக இறங்க வேண்டுமென்றால் மட்டும் வேலையை விட்டுவிட வேண்டும்.

தாட்சர் காலத்தில் பெர்னார்ட் இங்காம் என்ற அரசு ஊழியர்தான் பத்திரிகையாளர்களைச் சமாளித்தார். அப்புறம் தொழிற்கட்சி இதைத் தனி வித்தையாகவே வளர்த்தது. 1985-ல் பீட்டர் மண்டெல்சன் அதன் தகவல் தொடர்பு இயக்குநரானார். செங்கொடிச் சின்னம் போய்ச் சிவப்பு ரோஜா வந்தது அவர் காலத்தில்தான். 1994-ல் கட்சித் தலைவர் டோனி பிளேரிடம் வந்து சேர்ந்த அலஸ்டேர் கேம்ப்பெல் பத்திரிகையாளராக இருந்தவர். 1997-ல் ஆட்சிக்கு வந்ததும் அவரும் பிளேரின் தலைமை அலுவலர் ஜோனதன் பவெலும் அரசு ஊழியர்களுக்கே உத்தரவிடலாம் என்று தனி ஆணை போட்டார்கள். அந்த அதிகாரத்தை 2007-ல் கார்டன் பிரவுன் பிரதமரானவுடன் ரத்து செய்தார்.

அந்த பிரவுனின் ஆள்தான் சார்லி வீலன். 1997 அக்டோபரில், இந்த நாடாளுமன்றக் காலத்தில் பிரிட்டன் யூரோவில் சேராது என்ற பொருளில் நிதியமைச்சர் பிரவுனின் பேட்டி ‘டைம்ஸ்’ நாளிதழில் வரவிருந்தது. முதல் நாள் இரவு, டவுனிங் தெருவுக்குப் பக்கத்திலுள்ள ரெட் லயன் மதுக்கடையில் இருந்தபடி வீலன் மொபைலில் நிருபர்களுக்கு அதை உறுதி செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் காதிலும் அது விழுந்தது. பிளேருக்கு பிரவுனும் கிடைக்கவில்லை, கேம்ப்பெல்லும் கிடைக்கவில்லை; கடைசியில் வீலனையே தொலைபேசியில் பிடித்து, தன் அரசின் கொள்கை என்ன என்று கேட்க வேண்டியதாயிற்று! நாடாளுமன்றத்தில் பிரவுன் முறைப்படி அறிக்கை வாசித்தது அக்டோபர் 27-ஆம் தேதி. செய்தி முதலில், சபை பிறகு என்ற அந்த வரிசை இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

இவர்கள் பொய் சொல்பவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் இவர்களுடைய பெரிய ஆயுதம் பொய் இல்லை. எதை எப்போது சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்பதுதான். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் கோபுரங்கள் எரிந்துகொண்டிருந்தபோதே, போக்குவரத்து அமைச்சர் ஸ்டீபன் பயர்ஸின் ஆலோசகர் ஜோ மூர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: புதைக்க வேண்டிய செய்தி ஏதாவது இருந்தால் இன்று வெளியிட நல்ல நாள், கவுன்சிலர்களின் படிச் செலவு விவகாரம்கூட இருக்கிறதே என்று. அது வெளியே கசிந்து நாடே கொதித்தது. ஆனாலும் அவர் பதவி விலகியது அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான்.

ஆகவே ஒரு செய்தியைப் பார்த்தால் முதலில் கடிகாரத்தையும் காலண்டரையும் பாருங்கள். நாடாளுமன்றம் கோடை விடுமுறைக்குக் கலையும் கடைசி நாளில் எழுத்துமூல அறிக்கைகள் குவியும். அன்று முதல் பக்கத்தை விட்டுவிட்டு உள்பக்கங்களைப் புரட்டுவேன் நான். ‘பிரதமர் இன்று பேசவிருக்கிறார்’ என்று காலையிலேயே வரும் செய்தி, உரையில் அவர்களுக்குப் பிடித்த நாலு வரியை முந்தின இரவே நிருபர்களிடம் கொடுத்ததன் விளைவு. எதிர்க்கேள்வி கேட்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது. மாலையில் முழு உரையையும் அரசு இணையதளத்தில் படித்துப் பாருங்கள், விட்டுப்போனது எது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது, பெயரில்லாத வட்டாரம். நாடாளுமன்றத்தைத் தினமும் பின்தொடரும் ‘லாபி’ நிருபர்களுக்குப் பிரதமரின் அதிகாரபூர்வப் பேச்சாளர் விளக்கம் தருவார். அவர் அரசு ஊழியர் என்பதால் கட்சி விஷயம் பேச மாட்டார். அதற்கென்று அரசியல் ஆலோசகர் தனியே இருக்கிறார். ‘வட்டாரம்’ என்று வந்தால் பெரும்பாலும் இந்த இரண்டாமவர் போன்ற ஒருவர்தான். இந்த வரி அச்சானால் யாருக்கு லாபம் என்று கேட்டுப் பாருங்கள். பெயர் தெரியாவிட்டாலும் எந்த முகாம் என்று ஊகிக்கலாம். மறுப்பையும் கூர்ந்து படியுங்கள். ‘இந்தப் புள்ளிவிவரம் எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை’ என்பது வெஸ்ட்மின்ஸ்டரில் அடிக்கடி கேட்கும் பதில். தவறு என்று அவர்கள் சொல்லவில்லை, கவனியுங்கள்.

எல்லாச் செய்தியும் இவர்கள் கைவேலை என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். இவர்களே தலைப்புச் செய்தியாகிவிட்டால் வேலை போய்விடும். எதிர்க்கட்சியினர் மீது அவதூறு பரப்பத் திட்டமிட்ட மின்னஞ்சல்கள் வெளியாகி 2009-ல் பிரவுனின் ஆலோசகர் டேமியன் மெக்பிரைடு பதவியிழந்தார். பிரதமர் டேவிட் கேமரனின் தகவல் தொடர்பு இயக்குநர் ஆண்டி கூல்சன் 2011-ல் விலகி, முன்பு பத்திரிகை ஆசிரியராக இருந்த காலத்துத் தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கில் 2014-ல் சிறைக்கே போனார்.

உள்ளாட்சித் தேர்தல் மே மாதத்தில் வரும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒவ்வொரு கட்சியும் முந்தின வாரமே, எங்களுக்கு இத்தனை இடம் பறிபோகும் என்று பெரிய எண்ணாகச் சொல்லி வைக்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்த இரவு தொலைக்காட்சியில் ‘எதிர்பார்த்ததைவிடப் பரவாயில்லை’ என்று யார் சொன்னாலும், அந்த எதிர்பார்ப்பை யார் கிளப்பிவிட்டது என்று உங்கள் குறிப்பில் இருக்கும்.