ஒவ்வோர் உயிருக்கும் ஒரு பதிவு

கேள்வி: பிரிட்டனுடன் நீடிப்பதா, அயர்லாந்துக் குடியரசுடன் இணைவதா என்பதில் எழுந்த வட அயர்லாந்து மோதலைப் பற்றி ஒரேயொரு நூலைத்தான் வாங்க முடியும் என்றால், எதை வாங்கலாம்?

பதில்: பத்திரிகையாளர் டேவிட் மெக்கிட்ரிக் முதலானோர் பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்து, 1999-இல் வெளியான ‘லாஸ்ட் லைவ்ஸ்’ நூலையே சொல்வேன். 1966 முதல் அம்மோதலில் உயிரிழந்த 3,600-க்கும் மேற்பட்டோரில் ஒவ்வொருவரும் எப்படி, எங்கே இறந்தார் என்பதை, கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட், பிரிட்டிஷ் படைவீரர், ஆயுதக் குழுவினர் என்று பிரித்துப் பார்க்காமல், இறந்த நாளின் வரிசையிலேயே அது பதிந்துள்ளது. எந்தத் தரப்பின் வாதத்தையும் அது முன்வைக்காததே என்னை மிகவும் உலுக்கியது. ஆயிரத்து ஐந்நூறு பக்கங்களைத் தாண்டும் அந்நூலை ஒரே மூச்சில் படிக்க இயலாது. நாளுக்கு நான்கைந்து பக்கங்களே மனத்தைக் கனக்கச் செய்துவிடும். 1921-இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டதையும் மோதலைப் பெரும்பாலும் முடிவுக்குக் கொண்டுவந்த 1998-இன் புனித வெள்ளி உடன்படிக்கையையும் முன்னதாக ஓரளவு அறிந்துகொண்டு படியுங்கள்.