எடை குறைக்கும் ஊசி: அரசு மருத்துவமனையில் கேட்டுப் பெற முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 42, உயரம் 155 செ.மீ., எடை 94 கிலோ. ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்பார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மூட்டு வலியால் மாடிப்படி ஏற முடியவில்லை. என் நாத்தனார் மகள் லண்டனில் அரசு மருத்துவ சேவையிலேயே எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்கிறாள். இங்கே ஜி.எச்.சில் அது கிடைக்குமா? முதல்வர் காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறேன். கணவர் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். எங்கள் தெருவுக்குப் பக்கத்து ஜிம்மில் அதே ஊசியைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா? — வாசகி, வியாசர்பாடி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஜிம்மிலோ அழகு நிலையத்திலோ இந்த ஊசியை வாங்காதீர்கள். இது மருத்துவர் சீட்டின் பேரில் மருந்துக் கடையில் மட்டுமே விற்க வேண்டிய மருந்து. தயாரிப்பிலிருந்து உங்கள் கைக்கு வரும்வரை 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியதும்கூட. இவ்வகை ஊசிகளில் போலிகள் புழங்குவதாக உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனிலேயே எச்சரித்தது. பில்லும் பேட்ச் எண்ணும் இல்லாத குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதை விற்பவரே அறிந்திருக்க மாட்டார்.

இனி லண்டன் விஷயம். அங்கேயும் கேட்டவர்க்கெல்லாம் ஊசி கிடைத்துவிடுவதில்லை. டிர்செபடைடு, அதாவது மவுஞ்சாரோ என்ற பெயரில் விற்கப்படும் ஊசி, இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர்கள் வழியாக 2025 ஜூன் 23 முதல் படிப்படியாகத் தரப்படுகிறது. முதல் கட்டத்தில் உடல் நிறை குறியீட்டெண், நாம் பி.எம்.ஐ. என்று சொல்வது, 40-க்கு மேல் இருப்பதோடு, சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், ரத்தக் கொழுப்பு, தூக்கத்தில் மூச்சுத் திணறல் ஆகிய ஐந்தில் குறைந்தது நான்கு இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். தெற்காசிய வம்சாவளியினருக்கு அந்த 40 என்பது 37.5 ஆகக் குறைக்கப்பட்டது. உங்கள் எடையையும் உயரத்தையும் வைத்துக் கணக்கிட்டால் பி.எம்.ஐ. 39 வருகிறது. அந்த எண்ணைத் தாண்டிவிடுவீர்கள். ஆனால் சர்க்கரையும் மூட்டு வலியும் மட்டும்தான் என்றால் அங்கேயும் உங்களைக் காத்திருக்கத்தான் சொல்லியிருப்பார்கள்.

சென்னையில் நிலைமை வேறு. இங்கே எடைக்காக இந்த ஊசியை இலவசமாகத் தரும் திட்டம் என்று எதையும் நம்பிப் புறப்பட வேண்டாம். அரசு மருத்துவமனைகளின் மருந்துகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கொள்முதல் செய்கிறது. இலட்சக்கணக்கான நோயாளிகளுக்கு மாதாமாதம் தடையில்லாமல் கொடுக்கக்கூடிய மருந்துகளுக்குத்தான் அங்கே முன்னுரிமை. அதனால்தான் சர்க்கரை நோய்க்கான புறநோயாளிப் பிரிவில் வழக்கமாகக் கைக்கு வருபவை மெட்பார்மின், கிளிமிபிரைடு, இன்சுலின் போன்றவை. 2022-இல் வெளியான இந்தியாவின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் டிர்செபடைடும் இல்லை, அதே வகையைச் சேர்ந்த இன்னொரு ஊசியான செமாகுளூடைடும் இல்லை. உலக சுகாதார நிறுவனமோ 2025 செப்டம்பரில் தன் பட்டியலில் இவற்றைச் சேர்த்துவிட்டது. அதுவும் வெறும் எடைக்காக அல்ல, உடல் பருமனோடும் இதய நோய் அல்லது சிறுநீரக நோயோடும் சேர்ந்த இரண்டாம் வகை நீரிழிவுக்காக. நம் பட்டியல்களும் ஒருநாள் அந்தத் திசையில் நகரக்கூடும். நகரும் என்றுதான் நான் எண்ணுகிறேன். ஆனால் உங்கள் மூட்டு அதுவரை காத்திருக்காது.

உங்கள் காப்பீட்டு அட்டையும் இதற்கு உதவாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்தாலும், அது அறுவை சிகிச்சைக்கும் மருத்துவமனையில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கும் உரியது. வாரம் ஒரு முறை வீட்டில் போட்டுக்கொள்ளும் ஊசிக்கு அதில் இடமில்லை. அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள், பின்னால் வருகிறேன்.

நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்ட கணவரின் வேலைதான் என் கண்ணில் பட்டது. அவருக்குச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். 21,000 ரூபாய் சம்பள வரம்புக்குள் வருபவர் என்றால், அவருடைய மனைவி என்ற முறையில் உங்களுக்கும் அங்கே புறநோயாளி சிகிச்சையும் மருந்தும் பெற உரிமை உண்டு. பகுதி மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று, உங்களுக்குப் பக்கமான அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ கே.கே. நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். இருப்பில் இல்லாத மருந்தைச் சிறப்பு மருத்துவர் அவசியம் என்று எழுதினால் வெளியில் வாங்கித் தரும் நடைமுறை இ.எஸ்.ஐ.யில் உண்டு. ஊசி கிடைத்தே தீரும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் உங்களுக்குத் திறந்திருக்கும் கதவுகளில் தட்டிப் பார்க்கத் தகுந்தது இதுதான்.

எங்கே போனாலும், எப்படிக் கேட்பது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘உடம்பு இளைக்க ஊசி வேண்டும்’ என்று சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். நீங்கள் நீரிழிவு நோயாளி; மாத்திரை சாப்பிட்டும் சர்க்கரை அடங்கவில்லை என்றால், அடுத்து என்ன மருந்து என்று கேட்பது உங்கள் உரிமை. செமாகுளூடைடும் டிர்செபடைடும் இரண்டாம் வகை நீரிழிவுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்துகள்தாம். எடை குறைவது அவற்றின் இன்னொரு பயன். இ.எஸ்.ஐ. இல்லையென்றால் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய இடங்களில் நீரிழிவுப் பிரிவு இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றோடு போய் ஓ.பி. சீட்டு போடுங்கள், சாப்பாட்டுக்குப் பிந்தைய ரத்தப் பரிசோதனைக்காக இரண்டு இட்லி டிபன் பாக்ஸில் இருக்கட்டும். வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலர் எழுதிக் கொடுத்த பதிவுகளையும் எடுத்துச் செல்லுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், கொழுப்பு, தைராய்டு ஆகிய பரிசோதனைகளைத் தனியாரில் செய்தால் சில ஆயிரம் ரூபாய் போய்விடும், அங்கே செலவில்லை. விழித்திரைப் பரிசோதனைக்கு எழும்பூர் கண் மருத்துவமனை இருக்கிறது. இதைத் தள்ளிப்போட வேண்டாம். விழித்திரையில் ஏற்கெனவே சேதம் இருந்து, சர்க்கரை சட்டென்று இறங்கினால் பார்வை சில காலம் மோசமாகக்கூடும். பெரும்பாலோர் தவிர்ப்பது இந்த ஒரு பரிசோதனையைத்தான்.

ஆக, ஊசியைத் தவிர அதைச் சுற்றியுள்ள அனைத்தும் அரசிடம் இலவசமாகக் கிடைக்கும். ஊசியை மட்டும் பெரும்பாலும் கைக்காசு போட்டு வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவைக் கண் திறந்து பாருங்கள். மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. குப்பி 4,375 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000-இலிருந்து 17,500. செமாகுளூடைடின் காப்புரிமை 2026 மார்ச்சில் முடிந்து, இந்திய நிறுவனங்களும் அதைத் தயாரிக்க வழி பிறந்தபின் கணக்கு மாறியிருக்கிறது. ஆகவே மருத்துவரிடம் கம்பெனிப் பெயரை அல்லாமல் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லி, இரண்டு மூன்று கடைகளிலும் முதல்வர் மருந்தகத்திலும் விசாரியுங்கள்.

ஒரு மாதச் செலவை மட்டும் பார்த்து ஆரம்பித்துவிட வேண்டாம் என்பதுதான் நான் வலியுறுத்திச் சொல்வது. செமாகுளூடைடு ஆய்வில், நீரிழிவு இல்லாதவர்களுக்கு, 68 வாரத்தில் சராசரியாக ஏறத்தாழ 15 சதவீத எடை குறைந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் குறைவாகவே இறங்கும். ஊசியை நிறுத்தியவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. குறைந்தது ஒன்றரை ஆண்டுக்கு உங்கள் வீட்டுச் செலவுக் கணக்கில் இதற்கு இடம் உண்டா என்று கணவரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் முதல் ஊசியைப் போட வேண்டும். நகையை அடகு வைத்து மூன்று மாதம் போட்டுவிட்டு நிறுத்துவதைவிட, போடாமலே இருப்பது மேல். அந்தப் பணத்தில் மூட்டுக்கு முறையான பிசியோதெரபியாவது பார்க்கலாம்.

போடுவது என்று முடிவானால், உங்களுக்கென்று சில எச்சரிக்கைகள். கிளிமிபிரைடோடு இந்த ஊசி சேரும்போது சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். அந்த மாத்திரையின் அளவைக் குறைப்பது பற்றி மருத்துவர் பேசாவிட்டால் நீங்களே கேளுங்கள். வீட்டுக்கு வரும் மாத்திரை பழைய அளவிலேயே வந்துகொண்டிருக்கும் என்பதால், மாற்றத்தைத் தன்னார்வலரிடமும் சொல்ல வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ, உங்களுக்குக் கணைய அழற்சி வந்திருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பம் தரிக்கும் எண்ணமிருந்தால் செமாகுளூடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். அளவை நான்கு வாரத்துக்கு ஒரு முறைதான் கூட்டுவார்கள். சீக்கிரம் இளைக்க வேண்டுமென்று நீங்களாகக் கூட்டினால் வாந்தியும் மலச்சிக்கலும்தான் மிஞ்சும். முதுகுவரை பரவும் கடும் வயிற்று வலி வந்தால் அடுத்த ஊசிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பசி குறைந்துபோகும்போது நம் வீடுகளில் நடப்பது, குழம்பு சாதம் நான்கு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவது. அப்படி இளைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். வலியுள்ள மூட்டைத் தாங்குவது அந்தத் தசைதான். தட்டில் முதலில் முட்டையோ மீனோ சுண்டலோ கெட்டிப் பருப்போ போகட்டும், சோறு அதற்கப்புறம். ஊசி மருந்தை ஃபிரிட்ஜின் நடுத் தட்டில் வையுங்கள். கதவிலும் ஃபிரீசரிலும் வேண்டாம், உறைந்துபோனதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பதால், சென்னையின் மே மாதத்தில் கைப்பையில் எடுத்துக்கொண்டு அலைவது ஆகாது.

காப்பீட்டு அட்டைக்கு வருகிறேன். பி.எம்.ஐ. 35-க்கு மேல் இருந்து அடங்காத சர்க்கரையும் இருந்தால் இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சையை மருத்துவர்கள் பரிசீலிப்பது வழக்கம். உங்கள் எண் அதற்குள் வருகிறது. நன்மையும் ஆபத்தும் கலந்த பெரிய முடிவு அது, ஊசிக்குப் பதிலாக அவசரமாகத் தாவக் கூடியதல்ல. ஆயினும் மாதாமாதம் ஊசிக்குக் காசு தேட முடியாத ஒருவருக்கு அரசு மருத்துவமனையில் உண்மையாகவே எட்டக்கூடிய வழியாக அது இருக்கலாம். நீரிழிவுப் பிரிவில் பார்க்கும்போதே இரைப்பை குடல் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு கருத்துக் கேட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கே தகுதி என்று சொன்னால், அதே வளாகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட கவுண்டரில் அட்டையைக் காட்டி முன் அனுமதி கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்ளலாம்.