பதில்: தோட்ட மண்டப நாடகம், பார்வையற்றோருக்குக் காட்சி விளக்கம்

வணக்கம் சகோதரி. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்ட மண்டபத்தில் பால்மரத் தொழிலாளர் நாடகம், பார்வையற்றோர் ஆறு பேர் வருகிறார்கள், வாட்ஸ்அப் குழு அழைப்பில் காட்சியைச் சொன்னால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். குரல் தாமதமாகப் போகும். மண்டபமே சிரித்து முடித்த பிறகுதான் அவர்களுக்குக் காரணம் தெரியும். தோட்டத்தில் போன் லைனும் விட்டுவிட்டுத்தான் வரும்.

சுற்றுலா வழிகாட்டிகளின் ஒயர்லெஸ் செட்டை வாடகைக்கு எடுங்கள்: பேசுபவருக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர், கேட்பவர்களுக்கு உபரியோடு ஏழு ரிசீவர். இயர்போன் ஒரு காதுக்கு மட்டும். மறு காது மேடைக்கு வேண்டும். விளக்குபவர் மேடை தெரியும் கண்ணாடி ஜன்னல் அறையில் இருக்கட்டும். கிசுகிசுத்தால் மைக்கில் காற்றுதான் இரையும், தணிந்த குரலே நல்லது.

விளக்குபவரை ஒத்திகையை இரண்டு முறையாவது பார்த்து, வசனப் பிரதியில் இடைவெளிகளைக் குறிக்கச் சொல்லுங்கள். நாலு விநாடிக்கு ஏழெட்டுச் சொல்தான் அடங்கும். வசனத்தின் மேல் பேசவே கூடாது. “கோபப்படுகிறாள்” என்பதைவிட “வாளியை உதைக்கிறாள்” என்பது மேல். கோபத்தை அவர்களே புரிந்துகொள்வார்கள்.

நாடகத்துக்கு அரை மணி முன்பே பார்வையற்றோரை மேடைக்கு அழைத்துப்போய் காண்டா வாளியையும் (தோள் கம்பில் தொங்கவிட்டுப் பால் சுமக்கும் வாளி) உடைகளையும் தொட்டுப் பார்க்க விடுங்கள். நடிகர்கள் பாத்திரத்தின் பெயரைச் சொல்லி, அதே குரலில் ஒரு வரி பேசட்டும். பார்வை மங்கியவர்களுக்கு முன்வரிசை.