முன் அறையில் படுத்திருப்பவர் யாருடைய மகன்?

கேள்வி: எனக்கு 43 வயது. அண்ணாவின் மகளுடைய கலியாணத்துக்காக மூன்று வருடத்துக்கு முன் 81 கிலோவிலிருந்து 68 கிலோவுக்கு இறங்கினேன். போன வருடம் மாமி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு நடக்கப் போவது நின்றுவிட்டது. இப்போது 79 கிலோ. மூன்று மாதமாகக் காலையில் பாணும் இல்லை, இரவில் புட்டும் இல்லை. ஆனாலும் தராசு அசையவில்லை. பக்கத்து வீட்டு அக்கா விற்கும் மா டின் ஒன்றைக் குடித்தால் இறங்குமாம், வாங்கலாமா? அல்லது இது தைரொயிட்டா? மாமியைச் சலம் போகக் கூட்டிப்போக இரவில் மூன்று தரம் எழும்ப வேண்டும், அது பழகிவிட்டது. அப்போது ஒரு தேத்தண்ணியும் இரண்டு மாரி பிஸ்கட்டும்தான். இவருக்குக் காலையில் கந்தோர் என்பதால் முன் அறையில் படுப்பார். மச்சாள் கனடாவிலிருந்து ஞாயிறு தோறும் கதைப்பா. மகள் ஓ.எல். படிக்கிறாள்.
- பெயர் வேண்டாம், கொக்குவில்

பதில்: தங்கச்சி, மா டின்னை வாங்காதீர்கள். தைரொயிட்டுக்கு ஒரு இரத்தப் பரிசோதனை போதும், வைத்தியரிடம் கேட்டு எடுத்துவிடுங்கள். உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இலவச கிளினிக் நடக்கிறது. சீனியையும் பிறசரையும் அங்கே பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவும் ஒரு காலை நேர வேலை. நான் கதைக்க வந்தது இதைப் பற்றியல்ல.

இரவில் மூன்று தரம் எழும்புகிறீர்கள். ஒரு வருடமாக. அதைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டு, பாணைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள்.

சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 10 பேருக்கு ஒரே அளவு குறைந்த சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு 14 நாள் படுக்கையில் எட்டரை மணித்தியாலம், இன்னொரு 14 நாள் ஐந்தரை மணித்தியாலம். இரண்டு தரமும் ஏறத்தாழ மூன்று கிலோ இறங்கியது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான். மிச்சமெல்லாம் தசை, நீர் போன்ற கொழுப்பு அல்லாத எடை. பசியும் கூடியது. 2010-இல் வெளிவந்த ஆய்வு இது. அந்தப் பத்துப் பேரையும் யாரும் இடையில் எழுப்பவில்லை. உங்களை மூன்று தரம் எழுப்புகிறார்கள். இரண்டு மணிக்கு அந்த பிஸ்கட்டைத் தேடுவது உங்கள் வாய்ச் சபலம் இல்லை, தூங்காத உடம்பு அப்படித்தான் கேட்கும்.

ஒருமுறை இறங்கி ஏறிய உடம்பு முதல் தரம் போல இலகுவாக இறங்காமலும் போகலாம். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார்கள். குறைத்ததில் பெரும்பகுதி திரும்பிவிட்டிருந்தது. அப்படியிருந்தும் அவர்களின் உடம்பு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவழித்தது. அவர்கள் இறக்கியது மிக அதிகம், உங்களுக்கு அவ்வளவு இராது. ஆனால் உடம்பு சிக்கனம் பிடிக்கும் விதம் அதுதான். இந்த நிலையில் சாப்பாட்டை இன்னும் வெட்டினால் தசையும் போகும். காலையில் ஒரு முட்டை, அவித்த பயறு அல்லது கௌபி சாப்பிடுங்கள். இரவில் கொஞ்சம் புட்டும் நிறைய மீனும் கீரையும் சாப்பிடுங்கள்.

சரி, இனி அந்த வரிக்கு வருகிறேன். முன் அறையில் படுத்திருப்பவர் யாருடைய மகன்? அவருக்குக் காலையில் கந்தோர் என்கிறீர்கள். உங்களுக்குக் காலையில் அடுப்பு, மாமியின் குளிப்பு, குளிசை, மகளின் பள்ளிக்கூடம். இது வேலை இல்லையா?

மாமியைக் கைவிடச் சொல்கிறேன் என்று எடுக்காதீர்கள். வயது போன தாயை வீட்டில் வைத்துப் பார்ப்பது கடமை. அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் அந்தக் கடமை முதலில் பெற்ற பிள்ளைக்கு, மருமகள் கைகொடுப்பவள். நம் ஊரில் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். மகன் 'அம்மா எப்படி?' என்று வாசலில் நின்று கேட்டாலே பெரிய பாசக்காரன் என்கிறோம்.

உங்களிலும் பிழை இருக்கிறது. அவரை எழுப்பப் பாவம் என்று நீங்களாகவே விட்டுவிட்டீர்கள். ஒருநாளாவது வாய் திறந்து கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. நல்ல மருமகள் என்ற பெயருக்காக வாயை மூடிக்கொண்டிருப்பதை ஓ.எல். படிக்கும் மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு அவளும் இப்படித்தான் எழும்ப வேண்டும் என்று விரும்புகிறீர்களா?

ஆம்பிளைப் பிள்ளை எப்படி அதுக்குக் கூட்டிப்போவது என்று மாமியே மறுக்கலாம். கட்டிலோடு ஒரு கொமோட் கதிரை வையுங்கள். எழுந்து நிற்கும்போது பிடித்து, கதிரையில் இருத்திவிட்டு, அவர் வெளியே நின்றால் போதும். நாலு நாள் வெட்கமாக இருக்கும், பிறகு இராது.

மூன்று தரம் ஏன் போகிறது என்பதையும் பாருங்கள். கட்டுப்படாத சீனி, சலத்தில் கிருமி, பின்னேரம் போடும் நீர்க்குளிசை, படுக்கப்போகும் நேரத்துத் தேத்தண்ணி என்று பல காரணம் இருக்கலாம். கிளினிக் கொப்பியோடு கூட்டிப்போய்க் கேளுங்கள். குளிசை நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம், வைத்தியர் சொல்லட்டும். மூன்று தரம் ஒன்றாகக் குறைந்தாலே மாமியும் தூங்குவா.

கிழமையில் நாலு இரவு அவருடையது, அவற்றில் நீங்கள் கதவைச் சாத்திவிட்டு வேறு அறையில் படுங்கள். இரண்டு இரவுக்குச் சம்பளத்துக்கு ஒரு அம்மாவைப் பிடியுங்கள். ஒன்று உங்களுக்கு. அந்தச் சம்பளத்தை மச்சாள் அனுப்பட்டும், அவவுக்கும் தாய்தானே. வருகிற ஞாயிறு அவ கதைக்கும்போது அதைக் கேட்க வேண்டியது நீங்கள் இல்லை. அவவின் சகோதரன் கேட்கட்டும்.